குணவதியின் பேரில் ஒரு ரிக்கெற்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கனடாவின் அஜக்ஸ் நகரத்து வீட்டுக் குசினி கணவாய் மணத்தில் மூழ்கிவிட்டது. குணவதி தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கணவாயாக எடுத்து, தலையைப் பிடித்து இழுத்து, மைப்பை உடையாமல் கழற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் இராஜரட்ணத்துக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். அந்த உயிர் போய் இன்றோடு எட்டு நாள். இன்று எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை சனம் வெளியே காத்திருக்கிற நாள். இருந்த காலத்தில் உப்புக் கொஞ்சம் குறைந்தாலும் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர். இன்றைக்கு எப்படிக் குறை சொல்கிறார் பார்ப்போம் என்று குணவதி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுப்பிலிருந்த மணிக்கூட்டை அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். வீட்டில் மற்ற எல்லாருக்கும் பன்னிரண்டு மணிப் படையல்தான் இன்றைய காரியம். அவளுக்கு இரண்டு மணிக்கும் ஒன்று இருந்தது. ஒப்பரா என்கிற மேல்நாட்டு இசைநாடகம் நடக்கிற ரொறொன்ரோ மண்டபத்தில் அவளுடைய மகள் கஜனி இரண்டு மணிக்குப் பாடப்போகிறாள். இதுதான் கடைசி. நாளைக்கு ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்விடுவாள். நாற்பது வயது மகள், பதினைந்து வருடமாக மேடையில் பாடுகிறவள். பெற்றவள் ஒருநாள்கூட அவளை மேடையில் கண்டதில்லை.

இத்தனை காலமும் போகவிடாமல் மறித்தவர் இராஜரட்ணம். இப்போது அவர் இல்லை, அவருக்குப் பதிலாகத் துடக்கு என்ற சாவுத் தீட்டு வந்து வாசலில் குந்திக்கொண்டிருந்தது. முப்பத்தொரு நாளுக்குக் கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை. பாட்டு என்ற பேச்சே இல்லை. அதுவும் தாலி கழற்றி ஒரு கிழமையும் ஆகாத ஒருத்திக்கு வாசற்படியே எல்லை. செத்தும் மனிதர் விடுகிறாரில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எட்டு நாளாக அவளுக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் அதையும் கவனித்து வைத்திருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரேயொரு சொல் என்றால் யார் நம்புவார்கள்?

கஜனி பிறந்தது ஜெர்மனியில், வுப்பெற்றால் என்ற ஊரில். அகதி முகாமில் ஒரு அறையில் அவர்கள் இருந்த காலம் அது. சுவர் அட்டைப் பெட்டி மாதிரி. குணவதிக்கு இயல்பிலேயே பெரிய குரல். அவள் அரிசி எங்கே என்று கேட்டால் பக்கத்து அறை எதியோப்பியர் எட்டிப் பார்ப்பார். "மெல்லக் கதை" என்று இராஜரட்ணம் அன்றைக்குச் சொல்லத் தொடங்கினார், சாகும்வரை நிறுத்தவில்லை. பிறகு நான்காம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. பின்நேரம் கீழே விளையாடும் பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பல்கணியில் நிற்கும்போது மட்டும் குணவதி தன் முழுக் குரலையும் எடுப்பாள். "கஜனீ..." என்று அது மூன்று கட்டடம் தாண்டிப் போகும். கீழே அந்தச் சின்ன உருவம் ஆடுவதை நிறுத்தி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்து, நெஞ்சு முட்ட மூச்செடுத்து, "வாற..ன்" என்று திருப்பிக் கத்தும். அது அம்மாவின் கத்தலைவிடத் தூரம் போகும். ஜெர்மன்காரர் யன்னலைச் சாத்துவார்கள்.

ஒரு யன்னல் மட்டும் சாத்தப்படவில்லை. அந்த வீட்டில் பாட்டு ரீச்சர் ஒருத்தி இருந்தாள். அவள்தான் பதினாலு வயதில் கஜனியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழக்கினாள். சங்கீத வகுப்பு மாதிரித்தானே என்று இராஜரட்ணமும் விட்டுவிட்டார். இருபது வயதில் கொலோன் நகரத்து இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே வருடம் குடும்பம் கனடாவுக்குப் பெயர்ந்தது. படிப்பு முடிய வருவாள் என்றுதான் அவளை விட்டுவிட்டு வந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீடு. மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பூரணம் அன்ரி குணவதிக்குப் பக்கத்தில் வந்து குந்தி, "மூத்தவள் அங்க என்ன செய்யிறாள்?" என்று கேட்டாள். குணவதி பெருமையாக, "ஒப்பரா பாடுறாள் அன்ரி" என்றாள். அன்ரிக்கு மேளச் சத்தத்தில் அது ஒப்பாரி என்று கேட்டது. "ஐயோ, ஜெர்மனியிலயும் செத்தவீட்டுக்கு ஆள் பிடிக்கிறவையே?" என்று அவள் வாயில் கைவைத்தாள். குணவதி திருத்தினாள். திருத்தியது அந்த மேசையைத் தாண்டவில்லை, ஒப்பாரி மட்டும் எல்லா மேசைக்கும் போய்விட்டது. பாயாசம் வருவதற்கு முன் இராஜரட்ணம் கைகழுவப் போன இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு, "என்ன ராசண்ணை, மகள் கூலிக்கு மாரடிக்கிறாவாம்?" என்று கேட்டுவிட்டார்.

இராஜரட்ணம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய தகப்பன் வீட்டுச் செத்தவீடுகளுக்குக் கூலிக்கு அழ வந்த பெண்கள் முற்றத்தின் விளிம்பில்தான் நின்றார்கள். அவர்களுக்கு நெல்லை எட்டி நின்றுதான் கொடுத்தார்கள். அந்த விளிம்பில் தன் மகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாதி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவருக்கு ஒப்பரா என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஒரு வசனத்தில் திருத்தியிருக்கலாம். திருத்துவதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து ரெலிபோனை எடுத்தார். "பாட்டை விட்டுட்டு வா. இல்லையெண்டால் வராதை" என்றார். மறுமுனையில் "அப்ப நான் வரேல்ல அப்பா" என்று கேட்டது. அதன் பிறகு அவர்கள் பேசவில்லை. யாராவது கேட்டால் மகள் பாங்கில் வேலை என்று சொல்லிவிடுவார். குணவதி பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவாள். பொதி கட்டும் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், பெரிய பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, மகளோடு மெல்லக் கதைப்பாள்.

அப்படி மெல்லக் கதைத்த கதைகளில்தான் மகளுடைய வாழ்க்கை அவளுக்குத் தெரியும். சின்ன ஊர் நாடகசாலையில் நாற்பது பேரில் ஒருத்தியாகப் பின்வரிசையில் நின்று பாடிய காலம். பிறகு முன்னுக்கு வந்தால் வேலைக்காரி, அடிமைப் பெண், குறி சொல்கிறவள் என்று நிறம் பார்த்து வேடம் கொடுத்த காலம். "எனக்கு ராணிக்கும் குரல் இருக்கு" என்று அவள் மூன்று வேடங்களைத் தூக்கி எறிந்ததும், ஒருவருடம் கூப்பிட ஆளில்லாமல் பேக்கரியில் பாண் விற்றதும். பெயர் நீளம், வாயில் நுழையாது, சுருக்கு என்று முகவர் சொன்னபோது, "நுழையும்வரை சொல்லிப் பழகுங்கோ" என்றாளாம். முப்பத்துமூன்று வயதில் ஒருநாள், ஒரு பெரிய நகரத்தில் பாட இருந்தவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவள் வேறு யாரும் கிடைக்கவில்லை. கஜனி நாலு மணிக்கு ரயிலால் இறங்கி, அடுத்தவளுடைய உடுப்பை ஊசி குத்திப் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்குப் பாடினாள். அதற்குப் பிறகு வேலைக்காரி வேடம் கேட்டு யாரும் வரவில்லை. உலகப் புகழ் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் பெண் குரலில் ஆக உயரத்துக்குப் போகிற சொப்ரானோ குரல் எங்கேயாவது தேவை என்றால், அவள் பெயரும் பட்டியலில் இருந்தது.

ஏப்ரல் மாதம் அவள் ரொறொன்ரோவுக்கே பாட வந்தாள். "ஜெர்மன் சொப்ரானோ" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாளைக்குப் போகப்போகிறேன் என்று குணவதி வாயெடுத்தபோது இராஜரட்ணம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போனால் அப்படியே போ" என்றார். அவள் போகவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு அடுத்தநாள் அவர் குளியலறையில் விழுந்தார்.

செத்தவீட்டுக்குக் கஜனி கறுப்பு உடுப்பில் வந்தாள். தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றாள். அவளும் அழவில்லை. எண்பத்திரண்டு வயதாகிவிட்ட பூரணம் அன்ரி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். கிண்டல் இல்லை, மெய்யான அக்கறை.

"பிள்ளை, நீ உந்த ஒப்பாரியைத்தானே ஜெர்மனியில தொழிலாச் செய்யிறனி. பெத்த தகப்பனுக்கு ரெண்டு வரி சொல்லி அழன். அழ ஆளில்லாமல் கிடக்கிறார் பார் மனுசன்."

இராஜரட்ணத்தின் தம்பி நவரட்ணம் தரையைப் பார்த்தார். கஜனி அன்ரியின் கையை விடவில்லை. அவளுடைய தமிழில் ரகரம் ஜெர்மன்காரருடையது போலத் தொண்டைக்குள் உருண்டது.

"அன்ரி, நான் பாடுறது ஒப்பாரி இல்லை. தெரிஞ்சிருந்தாலும் இண்டைக்குப் பாடமாட்டன். கேக்கமாட்டன் எண்டு அப்பா உயிரோட இருக்கேக்க சொன்னவர். அவர் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாத நேரம் பார்த்துப் பாடினால் அது களவு."

திமிர் என்று யாரோ முணுமுணுத்தது குணவதிக்குக் கேட்டது. வாகனத் தரிப்பிடத்தில் கஜனி தாயைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை கடைசி. உங்கட பேரில ஒரு ரிக்கெற் இருக்கு. வாங்கோ எண்டு நான் கேக்கேல்ல. இருக்கு எண்டு சொல்லுறன்."

"இப்ப எப்பிடியம்மா..."

"எப்பவும் இருக்கிறதுதான். முதன்முதல் பாடின நாளில இருந்து ஒவ்வொரு ஊரிலயும் ஒரு ரிக்கெற் உங்கட பேரில வைக்கச் சொல்லுவன். குணவதி இராஜரட்ணம். அந்தச் சீற் சும்மாதான் கிடக்கும். நான் பாடி முடிய ஒருக்கா அதைப் பார்ப்பன்."

இதை அவள் ரெலிபோனில் ஒருநாளும் சொன்னதில்லை. பதினைந்து வருடம், எத்தனையோ ஊர்கள், ஒவ்வொன்றிலும் தன் பேரில் ஒரு வெற்றுக் கதிரை. குணவதிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த வியாழக்கிழமையே, தகப்பனை எரித்து இரண்டாம் நாள், கஜனி மேடையேறினாள். சாம்பல்கூட ஆறவில்லையே என்று சொந்தக்காரரின் வட்சப் குழு கொதித்தது. அதை வாசித்தபோது குணவதிக்குள் எழும்பியது வெட்கம் இல்லை, பெருமை. அதைக் கண்டு அவள் தானே பயந்துபோனாள்.

பன்னிரண்டு மணிக்குப் படையல் முடிந்தது. கணவாய்க் கறி, முருங்கைக்காய், ஆட்டிறைச்சி, வடை, ஒரு சின்னக் கிளாசில் விஸ்கி. கற்பூரம் காட்டி எல்லாரும் வெளியே வந்தபின் மகன் பிரியந்தன் அறைக் கதவைச் சாத்தினான். இருபது முப்பது பேர் ஹோலில் இருந்தார்கள். குணவதி மேலே போய்ச் சேலை மாற்றாமல், கைப்பையையும் ஜக்கெற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் கணவாய் மணம் போகவில்லை.

"எங்க அம்மா வெளிக்கிடுறியள்?" என்றான் பிரியந்தன்.

"உன்ர அக்காவின்ர பாட்டுக்கு."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? சனம் வந்து நிக்குது."

நவரட்ணம் கதிரையிலிருந்து எழும்பி வந்து கதவடியில் நின்றார். "அண்ணி, உது சரியில்ல. துடக்கு வீடு. அண்ணை இப்பதான் வந்து உள்ளுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

"சாப்பிடட்டும்" என்றாள் குணவதி. "நாப்பத்தஞ்சு வருஷம் பக்கத்தில நிண்டு பரிமாறினனான். இண்டைக்கு ஒருநாள் தானாப் போட்டுச் சாப்பிடட்டும்."

குசினிக்குள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பதினெட்டு வருஷமா ஊர் என்ர பிள்ளையை ஒப்பாரிக்காரி எண்டுது. நாங்களும் பாங்கில வேலை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சம். ஒப்பாரி பாடினால்தான் என்ன? அழத் தெரியாத சனத்துக்கு அழுது குடுத்தவையை முற்றத்தில நிப்பாட்டினது ஆர்? வெக்கப்படவேண்டியது அவையோ?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணி" என்றார் நவரட்ணம், சுற்றிப் பார்த்துக்கொண்டு.

"மெல்லக் கதைச்சது காணும்."

அந்தக் குரலுக்கு ஹோலில் இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். சொன்னதைத் திருப்பி எடுக்கக் குணவதிக்கு மனமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. நவரட்ணம் அசையாமல் நிற்க, அவருடைய கைக்குக் கீழால் குனிந்து வெளியே போனாள். உயரம் குறைந்ததில் அன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம் கண்டாள்.

பஸ் தரிப்பை நோக்கி நடந்தவளுக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. மருமகள் துவாரகா, வீட்டுச் செருப்போடு, கையில் மாவோடு.

"ஏறுங்கோ மாமி. பன்னிரண்டு நாப்பதுக்கு ஒரு ட்ரெயின் இருக்கு."

"உனக்கு வீணா ஏச்சு விழும் பிள்ளை."

"மாமாவிட்ட வாங்கி வாங்கிப் பழகிட்டுது. நவரட்ணம் அங்கிளிட்டையும் ஒருக்கா வாங்கினால் என்ன?"

கோ என்ற புறநகர் ட்ரெயினில் குணவதி ஏரிப் பக்கத்து யன்னலோடு இருந்தாள். கைப்பைக்குள் ரெலிபோன் இடைவிடாமல் அதிர்ந்தது. யூனியன் ஸ்ரேசனில் இறங்கி, வழி கேட்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இரண்டு மணி அடித்தால் கதவு சாத்திவிடுவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டுக்கு ஆறு நிமிடம். ரிக்கெற் கொடுக்கிற யன்னலில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள்.

"குணவதி இராஜரட்ணம்."

அந்தப் பெண் பெட்டிக்குள் விரலை ஓட்டி ஒரு கடித உறையை எடுத்தாள். பிறகு புருவத்தைத் தூக்கி, "இது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வைத்திருந்தது. நீங்கள் வரவேயில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இப்ப வந்திட்டன்" என்று குணவதி தமிழிலேயே சொன்னாள். அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும், சிரித்தாள்.

ஏழாம் வரிசை, நடுவில். பக்கத்துச் சீமாட்டி மூக்கை இரண்டுதரம் சுருக்கினாள். கணவாய். குணவதி கையைச் சேலைக்குள் ஒளிக்கப் போனாள், பிறகு ஏன் என்று நினைத்து மடிமேலேயே வைத்துக்கொண்டாள். கொடுத்த புத்தகத்தில் மகளுடைய படத்துக்குக் கீழே பெயர் முழு நீளத்துக்கு இருந்தது. கஜனி இராஜரட்ணம். மகள் பாடிய ஊரெல்லாம் இந்த மனிதரின் பெயரும் அச்சாகியிருக்கிறது, அவருக்குத் தெரியாமலே.

விளக்கு அணைந்தது. கதை சிக்கலானது இல்லை. ஒரு அரசன், ஒரு மகள். அவன் சொன்னவனைக் கட்டமாட்டேன் என்கிறாள். கோபுரத்தில் அடைக்கிறான். மேலே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது, குணவதி அதைப் பார்க்கவில்லை. பாட்டு ஜெர்மனில் இருந்தது. இருபது வருடம் அந்த நாட்டில் மாடிப்படி துடைத்தவளுக்கு வேண்டிய அளவு விளங்கியது. நீல உடுப்பில் நின்ற அந்தப் பெரிய பெண்ணைத் தன் பிள்ளை என்று நம்ப முதலில் சிரமமாக இருந்தது. தகப்பன் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் ஒரே சொல்லைப் பாடினாள். நைன். இல்லை. ஒவ்வொரு நைனும் முந்தியதைவிட உயரத்தில் இருந்தது. குணவதி ஜெர்மனியில் இறங்கிப் படித்த முதற்சொல் அதுதான். அதை அகதிப் பதிவுக் கந்தோரில் இருந்த எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள். அவள் ஒருவருக்கும் திருப்பிச் சொன்னதில்லை. கடைசி நைன் மைக்கும் இல்லாமல், கத்தலும் இல்லாமல் மண்டபத்தின் கூரைவரை போய் அங்கேயே நின்றது. இந்தக் குரலை எனக்குத் தெரியும் என்று குணவதி நினைத்தாள். இது எங்கேயிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

முடிந்தபோது மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. குணவதியும் எழும்பினாள். முன்வரிசையில் ஆறடி மனிதர்கள் சுவர் மாதிரி நின்றார்கள். இரண்டு தோள்களுக்கு இடையில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. அந்தக் கீற்றுக்குள் கஜனி வந்து குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தவள் ஏழாம் வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுக்கு முன்வரிசைக்காரரின் தோளும் தலையும்தான் தெரிந்திருக்கும். பதினைந்து வருடம் பழகின பார்வை அது. ஒருக்கா பார்த்துவிட்டு, சிரிப்புக் குலையாமல், கண்ணை மெல்ல எடுத்துக்கொண்டாள். திரை இறங்கத் தொடங்கியது.

குணவதிக்குள் ஒன்று கிளம்பியது. பெட்டிக்குப் பக்கத்தில் வராதது, எட்டு நாளாக வராதது, அதற்கும் முன்னால் இருபது வருடமாக வராதது. அவள் கணவாய் மணத்த கைகள் இரண்டையும் வாயடியில் குவித்தாள்.

"கஜனீ...!"

கைதட்டல் அதற்குக் கீழே போய்விட்டது. பக்கத்துச் சீமாட்டி திடுக்கிட்டு விலகினாள். முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பின. திரும்பியதில் சுவரில் ஒரு வழி விட்டது. பாதி இறங்கிய திரைக்குக் கீழே நீல உடுப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு கஜனி குனிந்து திரைக்கு முன்னால் வந்தாள். முகத்தில் அடித்த வெளிச்சத்துக்குக் கையை நெற்றியில் வைத்து இருட்டுக்குள் தேடினாள். பிறகு நெஞ்சு முட்ட மூச்செடுத்தாள்.